கல்லணை முதல் கடையணை வரை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். கல்லணையில் பிரிந்து தென்பெரம்பூர் தாண்டி வரும் வெண்ணாறு இங்கே வந்ததும் மூன்றாகிறது: பாமணியாறு, கோரையாறு, அப்புறம் வெண்ணாறு. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க இந்தப் பக்கத்து டீக்கடைகளில் காலையும் மாலையும் ஒரே கேள்விதான். "தண்ணி எங்க வருது?"

முதல் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆறு மாதிரி வராது. ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். முன்னால் அழுக்கு நுரை, அதன் மேல் சருகும் குச்சியும், அதைப் பிடித்துக்கொண்டு எறும்புகள். நாலைந்து மாதமாகக் காய்ந்து கிடந்த மணலில் ஒரு குழி வந்தால் அதற்குள் இறங்கும், நிரம்பும், விளிம்பு தாண்டி மறுபடி கிளம்பும். நண்டு வளைக்குள் போகும்போது களக் களக்கென்று சத்தம் வரும். சிறுவர்கள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். ஓட வேண்டியதே இல்லை, நடந்தாலே முந்திவிடலாம். பெரியவர்கள் கையில் நெல்லும் பூவும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தூவிவிட்டு, குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். பிறகு எல்லோர் கண்ணும் தலைப்பின் மேல் நிற்கும் நீர்வளத் துறை லஸ்கரிடம் போகும். அவர் ஷட்டரின் திருகுக்கம்பியைச் சுற்றி அரை அடி தூக்குவார். பாமணியாற்றுக்கு அரை அடி கூடினால் மன்னார்குடிப் பக்கத்து நாற்றங்கால் நனையும். கோரையாற்றுக்கு அரை அடி குறைந்தால் முத்துப்பேட்டைப் பக்கம் முணுமுணுக்கும்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆறு இயற்கை, வாய்க்கால் செயற்கை. காவிரி டெல்டாவில் இந்தக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. வீரசோழன், விக்கிரமன், முடிகொண்டான், திருமலைராஜன்: இவையெல்லாம் இங்கே ஆறுகளின் பெயர்கள். "வீரசோழன்ல தண்ணி வந்துருச்சு" என்றுதான் ஊரில் பேசுவார்கள். மலையில் பிறந்து தானாக ஓடிவந்த ஆற்றுக்கு அரசன் பெயர் ஒட்டுவது அபூர்வம். புதிதாக வெட்டியதோ, இருந்த ஓடையை அகலப்படுத்திக் கரை எடுத்ததோ, ஏதோ ஒரு வேலையின் ஞாபகம் அந்தப் பெயர்களில் தங்கியிருக்கிறது. 1934இல் கல்லணையிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்களுக்குப் புதிதாக ஒரு கால்வாய் வந்தது. அரசு ஏட்டில் அது கல்லணைக் கால்வாய். மக்கள் வைத்த பெயர் 'புதாறு', அதாவது புது ஆறு. மண்வெட்டியால் வந்ததையும் ஆறு என்றே கூப்பிடும் ஊர் இது. அதனால்தான், ஆறும் சமுதாயமும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை.

பள்ளம் தேடும் தண்ணீர்

குடகின் தலைக்காவிரியில் புறப்பட்டு வரும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கிழக்கு முனையில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. சிக்கல் அங்கேதான். கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிறது. கடலுக்குப் போக அதற்கு நேர்வழி, சரிவும் அதிகம். விட்டால் காவிரியின் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். தஞ்சைப் பக்கம் பொட்டல்தான்.

அதைத் தடுத்து நிற்பதுதான் கல்லணை. அணை என்றதும் தண்ணீரைத் தேக்குவது என்று நினைத்துக்கொள்கிறோம். கல்லணை எதையும் தேக்கவில்லை. விழப் பார்க்கும் தண்ணீரைத் தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பியது, அவ்வளவுதான். சுமார் 329 மீட்டர் நீளம், வளைந்து நெளிந்த கட்டு, ஆழம் தெரியாத மணல் மேல் கல்லை இறக்கி இறக்கி எழுப்பியது. கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. அவன் காவிரிக்குக் கரை எடுத்ததை ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

கரை எடுத்தால் ஆறு சும்மா இருக்காது. கரையில்லாத காலத்தில் வெள்ளம் பரந்து, வண்டலை வயலெல்லாம் தூவிவிட்டுப் போகும். கரை போட்டதும் அந்த வண்டலும் மணலும் ஆற்றுக்குள்ளேயே படிகின்றன. தரை உயர்கிறது. கரையை இன்னும் உயர்த்த வேண்டியிருக்கிறது. சில நூறு ஆண்டுகளில் ஆறு மேட்டில், ஊர் பள்ளத்தில் என்று ஆகிவிடுகிறது. டெல்டாவில் இன்றும் ஆற்றங்கரையில் ஏறித்தான் தண்ணீரைப் பார்க்க முடிகிறது. இதில் பெரிய வசதி உண்டு: ஏற்றம் வேண்டாம், கவலை இறைக்க வேண்டாம், மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். ஆபத்தும் அதே அளவு. ஒரு ஊர்க்காரர் கரையைப் பார்க்காமல் விட்டால் பத்து ஊர் முழுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி முழுக்க லாந்தரும் கழியும் மண் மூட்டையுமாகக் கரைக்காவல் நின்ற கதைகளை என் தலைமுறை வரை கேட்டு வளர்ந்தோம். எதிர்க்கரை உடைந்தால் நம் கரை தப்பும் என்பது இரு கரைக்காரர்களுக்கும் தெரியும். அதனால் காவல் வெள்ளத்தின் மேல் மட்டும் இருக்கவில்லை.

இப்படி ஓர் ஆற்றோடு வாழ வேண்டுமென்றால் கணக்கு வேண்டும், முறை வேண்டும், சபை வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நிலத்துக்கு விலாசம் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாவது கண்ணாறு, எத்தனையாவது சதுக்கம் என்று போகும். தெருப் பெயர் இல்லை, மரம் மட்டை இல்லை. எந்தத் தண்ணீர் பாய்கிறது என்பதே நிலத்தின் அடையாளம். வாய்க்கால் பெயர் தெரியாமல் சொத்து எழுத முடியாத ஒரு சமுதாயம்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'வெட்டி'. கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறோம். ஊர் கூடித் தூர்வாரினார்கள், ஊர் கூடிக் கரை கட்டினார்கள் என்கிறோம். ஊர் கூடியது உண்மை. யார் கூடையைத் தூக்கினார்கள், யார் கரையில் குடை பிடித்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள், சேரியைச் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் ஆட்சி 1858இல் இந்த வழக்கத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதி வைத்தது. டெல்டா ஊர்கள் பலவற்றில் ஒரு வரைபடம் இன்றும் கண்ணில் படும்: உயர்ந்த படுகையில் ஊர்த்தெரு, வடிகால் ஓரப் பள்ளத்தில் சேரி. வெள்ளம் முதலில் எந்த வாசலுக்குப் போகும் என்பதை ஆறு மட்டும் தீர்மானித்துவிடவில்லை.

மருந்துக்கு மருந்து

19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டுக் கிடந்தது. கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது. தஞ்சையில் நிலவரி குறைந்தது. கம்பெனி அரசுக்கு அது உறைத்தது. ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் வந்தார். 1830இல் கல்லணையில் மணல் போக மதகுகள் வைத்தார்கள். 1836இல் முக்கொம்பில், கொள்ளிடத்தின் வாயில், மேலணை எழுந்தது. கீழே அணைக்கரையில் கீழணை. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய பழையவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் பிற்பாடு நன்றியோடு எழுதினார். அந்தப் பாடத்தோடுதான் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார்.

மேலணை கட்டியதும் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொள்ளிடத்தின் வாய் அடைபட்டதும் தண்ணீர் காவிரிக்குள் பாய்ந்தது, அளவுக்கு மீறிப் பாய்ந்தது. பத்தாண்டு ஆவதற்குள் நிலைமை தலைகீழானது: இப்போது காவிரியின் தரை அரித்து ஆழமாக, கொள்ளிடம் மேடானது. வேறு வழியின்றி 1840களில் காவிரியின் வாயிலும் குறுக்கே ஒரு தளச்சுவர் போட்டார்கள். அப்புறம் 1880களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவுகள் வந்தன. நீங்கள் சுற்றுலா போய்ப் பார்க்கும் கல்லணைப் பாலமும் ஷட்டர் வரிசையும் அந்தக் காலத்து வேலையின் மேல் நிற்பவை. ஒரு மருந்து கொடுத்தால், அதன் விளைவுக்கு இன்னொரு மருந்து. ஆறு ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது. மனிதர்கள் அந்தப் பதிலுக்குப் பதில் கட்டினார்கள்.

பெரிய பதில் மேட்டூர். சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம். 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21இல் அணை திறக்கப்பட்டது. 120 அடி, 93.47 டி.எம்.சி. பழைய ஊர்கள் தண்ணீருக்கடியில் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் இன்றும் வெளியே வந்து நிற்கும். டெல்டாவுக்கு அது கெட்ட சகுனம்; அங்கிருந்து எழுந்துபோன குடும்பங்களுக்கோ அது பழைய வீட்டு வாசல்.

மேட்டூர் டெல்டாவின் பஞ்சாங்கத்தையே மாற்றியது. முன்பெல்லாம் குடகில் மழை பிடித்து, ஆற்றில் புதுவெள்ளம் நிறம் மாறி வருவதைப் பார்த்து விதை ஊறப்போட்டார்கள். இப்போது ஜூன் 12 என்று ஒரு தேதி. செய்தித்தாளில், வானொலியில் தினமும் ஓர் எண்: மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம். அடியில் எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. கிரிக்கெட் ஸ்கோர் தெரியாத கிழவர்களுக்கும் அந்த எண் தெரியும். ஆடிப்பெருக்குக்கே மேட்டூரில் தனியாகத் தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். வறண்ட ஆண்டுகளில் படித்துறை மணலில் குழாய் அமைத்து, போர் தண்ணீரில் தலை நனைத்துக்கொண்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெருக்கு என்ற பேரை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது நெஞ்சை அறுக்கும்.

தேதி உறுதியானதும் முதல் போகமான குறுவை உறுதியானது. 1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வானது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு அறுவடை. உழைப்புக்குத் தேவை கூடியது, மகசூல் கூடியது, கூலி மட்டும் பழைய மரக்காலிலேயே நின்றது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952லேயே வந்திருந்தும் களத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. பண்ணையாட்கள் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, நாகைக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நீர்ப்பாசன வரலாற்றில் கீழ்வெண்மணிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த ஆற்றை ஆறாக வைத்திருந்த கைகள் அவர்களுடையவை. இதை விட்டுவிட்டுக் கல்லணையை மட்டும் பாடிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு எல்லோரும் அறிந்தது. 1892, 1924 ஒப்பந்தங்கள். 1990இல் நடுவர் மன்றம். 1991இல் இடைக்காலத் தீர்ப்பும் அதையொட்டிக் கர்நாடகத் தமிழர்கள் மேல் விழுந்த அடியும். 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., 2018இல் உச்ச நீதிமன்றத்தில் அது 404.25. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவு 177.25. அந்த 2018 தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக 10 டி.எம்.சி. கணக்கில் கொள்ளப்பட்டது, பெங்களூருவின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. வயலுக்கென்று வளர்ந்த ஆறு நகரங்களின் குழாய்க்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் பக்கமும் அப்படித்தான். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது.

தாழ்ந்துபோன தரை

கரை எடுத்ததால் உயர்ந்த ஆற்றுத்தரையைப் பற்றி முன்பு சொன்னேன். இப்போது அந்தக் கதை திரும்பியிருக்கிறது. மேலிருந்து வர வேண்டிய வண்டலையும் மணலையும் அணைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கீழே இருந்த மணலை நாம் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். கரூரிலிருந்து திருச்சி வரை, கொள்ளிடத்தின் நெடுகிலும், ஆட்கள் கூடையில் அள்ளியது போய்ப் பொக்லைன் இறங்கியதும் ஆற்றின் அடிவயிறே தெரிந்துவிட்டது. ஒரு லாரி மணல் என்பது ஒரு வீட்டின் சுவர்ப் பூச்சு. நாம் எல்லோரும் அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறோம்.

இதன் விளைவை ஒரு வாய்க்கால் தலைப்பில் போய் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய கருங்கல் மதகு. அதன் அடித்தளம் ஒரு காலத்தில் ஆற்று மணலோடு சமமாக இருந்தது. இன்று மணல் ஆளுயரத்துக்குக் கீழே கிடக்கிறது; மதகு அந்தரத்தில் நிற்கிறது. அதன் அடிக்கல்லில் பாசி காய்ந்து வெள்ளையாகியிருக்கும். ஆற்றில் அரை வெள்ளம் ஓடினாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. முழு வெள்ளம் வந்தால் ஏறும். ஆனால் வாய்க்காலுக்குள்ளே தூர்வாராமல் மேடும் வெங்காயத்தாமரையும். ஆறு பள்ளமாகிவிட்டது, வாய்க்கால் மேடாகிவிட்டது. மண்வெட்டி பிடித்த கைகள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. போனதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சேற்றுக்குத் திரும்பி வா என்று அவர்களைக் கூப்பிடும் உரிமை யாருக்கும் இல்லை. அவர்கள் செய்த வேலையை யார், என்ன கூலிக்கு, எந்த மாதத்தில் செய்வது என்று மட்டும் நாம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூன் 12க்கு ஒரு மாதம் இருக்கும்போது டெண்டர் விட்டு, தண்ணீர் வந்த பிறகும் இயந்திரம் நின்றுகொண்டிருப்பதை எத்தனையோ கோடையில் பார்த்தாயிற்று.

2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் வெள்ளம். ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் 45 கதவுகளில் 9 உடைந்து கொள்ளிடத்தோடு போயின. 1836இல் கட்டிய அணை, வயது 182. லட்சக்கணக்கான கனஅடி தண்ணீர் கொள்ளிடத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், நாகை மாவட்டத்தின் கடைமடையில் வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. வெள்ளமும் வறட்சியும் ஒரே டெல்டாவில், ஒரே வாரத்தில். குறுக்கே கார் ஓட்டினால் மூன்று மணி நேரத் தூரம். தண்ணீர் தரவில்லை என்று மேலே கைகாட்டிப் பழகிய நமக்கு அந்த ஆகஸ்ட் சொன்னது வேறு.

இப்போது ஆற்றை நம்பாமல் வாழப் பழகிக்கொண்டிருக்கிறது டெல்டா. தலைமடைப் பக்கம் போர் போட்டு, மேட்டூர் திறப்புக்கு முன்பே குறுவை நட்டுவிடுகிறார்கள். கடைமடையில் போர் போட்டால் பல இடங்களில் உப்பு. அங்கே நாற்றங்கால் விடாமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். ஒரே ஆற்றுக்கு ஒரே முறையில் கட்டுப்பட்டிருந்த இரண்டு ஊர்கள், ஒன்று மின்மோட்டாரையும் மற்றொன்று வானத்தையும் பார்க்க ஆரம்பித்துவிட்டன. முறைப்பாசனக் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைகிறது. மோட்டார் வைத்திருப்பவருக்கு வாய்க்கால் தூர்ந்தால் என்ன? ஆனால் அவருடைய போருக்குள் ஊறுவது அந்த ஆற்றின் தண்ணீர்தான். மணல் போன ஆற்றில் தண்ணீர் தங்கி ஊற நேரமில்லை.

போன முறை பூம்புகாருக்குப் போயிருந்தபோது, வழியில் மேலையூரில் இறங்கினேன். காவிரியின் கடைசிக் கதவணை இங்கேதான், கடையணை என்பார்கள். குடகிலிருந்து 800 கிலோமீட்டர் வந்த ஆறு, கொள்ளிடத்துக்குக் கொடுத்து, வெண்ணாற்றுக்குக் கொடுத்து, குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் வீரசோழனுக்கும் விக்கிரமனுக்கும் கொடுத்து, இந்த இடத்தில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்து நிற்கிறது. கல்லணையில் ஆரம்பித்த அதே வேலைதான் இங்கேயும்: கடலுக்குப் போகப் பார்ப்பதை ஒரு நிமிடம் நிறுத்தித் திருப்புவது. ஷட்டர் இறக்கியிருந்தது. மேல்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி, பக்க வாய்க்காலுக்குள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் ஈர மணல், அதற்கப்பால் கடல் ஏற்றத்தில் உள்ளே வந்து போகும் உப்புநீர். ஒருவர் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கினார். கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கரையோரம் கிடந்த கோரைப் புல்லைப் பிடுங்கி, சேற்றோடு சேர்த்துப் பிசைந்து, அந்த இடைவெளியில் வைத்து அடைத்தார். இரண்டாவது பிடியையும் வைத்தார். கசிவு நின்றதும் கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறி, வாய்க்கால் ஓரமாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.